ஹேண்டில்பாருக்கு ஒரு ஹீட்டர்

மேட்டுப்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு, "மோட்டார் சைக்கிள் கைப்பிடிக்கு ஹீட்டர் வைக்கப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் டீக்கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். வெளியே வெயிலை ஒரு தடவை பார்த்தார். "டீ இருக்கட்டும் சார், ஒரு எலுமிச்சம்பழம் தர்றேன். தலைல தேச்சுக்குங்க" என்றார்.

வீட்டில் இன்னும் மோசம்.

"ஏங்க, குளிக்க வெந்நீருக்கு ஒரு ஹீட்டர் வாங்குங்கன்னு நாலு வருஷமா கேட்டுட்டு இருக்கேன். வண்டி கேக்காமயே அதுக்கு வாங்கறீங்க!"

பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு நான் பேப்பர் படிப்பது வழக்கம். அன்றைக்கு ராசிபலன் வரை படித்தேன்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். நான் பி.காம். நாலைந்து கடைகளுக்கும் இரண்டு டீ ஃபேக்டரிகளுக்கும் கணக்கு எழுதி, மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டு, மிச்ச நேரத்தில் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் வேலை. ராத்திரி அக்கா வீட்டில் சாப்பாடு, தூக்கம். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால், கோத்தகிரி பக்கத்து ஃபேக்டரியில் பில் கட்டை வாங்கிக்கொண்டு, எட்டரைக்குள் மேட்டுப்பாளையம் இறங்கி, பெண்ணை ஸ்கூலில் விடலாம். பத்து மாதம் இது சொர்க்கம். டிசம்பர், ஜனவரியில் மட்டும் வேறு இடம்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதற்கு மேல், வானம் தெளிவாக இருக்கும் ராத்திரிகளில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் வந்து தேங்கும். தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கிற போட்டோவை வருஷா வருஷம் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். சுற்றுலாக்காரர்கள் அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். கை இருப்பதால் தட்டுகிறார்கள். விடியற்காலை பைக் ஓட்டுகிறவனுக்கு அந்தக் கை இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகம்.

அந்த ஜனவரி திங்கட்கிழமை செல்போன் 5 டிகிரி என்றது. ஐந்துதானே என்று கிளம்பிவிட்டேன். செல்போன் சொன்னது சும்மா நிற்கிறவனுக்கான கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அதே 5 டிகிரி திறந்த தோலுக்கு மைனஸ் 1 மாதிரி உறைக்கும். உடம்பும் ஒரு நல்ல கணக்குப்பிள்ளை. வரும்படி குறைந்தால் ஹெட் ஆபீசைக் காப்பாற்றிவிட்டுக் கிளைகளை மூடிவிடும். இதயம், மூளைக்கு ரத்தம் போகும். விரல் நுனிக்குப் போகிற குழாய் சுருங்கும். என்னிடம் இருந்தது ஒரு நூல் கையுறை. காற்றுக்கு அது கொசுவலை.

தொட்டபெட்டா சந்திப்பைத் தாண்டிக் கோத்தகிரி ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். பனிமூட்டம். ஒரு வளைவு திரும்பினால், ரோட்டோரமாகக் கொஞ்சம் பெண்கள். தலையில் துண்டு, கையில் தூக்குப்போசி. கேரட் பிடுங்கப் போகிறவர்கள், லாரிக்காக நிற்கிறார்கள். அதில் ஒரு அம்மா ரோட்டைக் கடக்கிறார்.

பிரேக்கைப் பிடி என்று மூளை சொன்னது. உத்தரவு கையெழுத்தாகி, சீல் குத்தி, தோள் வழியாக முழங்கைக்கு வந்துவிட்டது. விரல்கள் நாலும் லீவில் இருந்தன. லிவரைத் தொட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. 40 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். அரை விநாடி தாமதம் என்பது ஐந்தரை மீட்டர். ஒரு மாருதி காரைவிட நீளம்!

காலால் பின் பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் வழுக்கிக் குறுக்கே திரும்பி, வண்டி நின்றபோது அந்த அம்மாவுக்கும் என் மட்கார்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். மற்ற பெண்கள் திட்டினார்கள், திருப்தியாகவே திட்டினார்கள். அந்த அம்மா மட்டும் கிட்டே வந்து, என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் சாமி, கை கட்டையா இருக்குது? இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்பிடி நிறுத்துவே?"

என் கையுறையைக் கழற்றி, தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். அந்தக் கை உப்புத்தாள் மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷத்தில் விரலில் ஊசி குத்துகிற மாதிரி உணர்ச்சி வந்தது. வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால்தான் என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே ஆர்டர் போட்டேன். 1,850 ரூபாய்.

*

பார்சலில் இருந்தவை: உள்ளே கம்பிச்சுருள் வைத்த ரப்பர் கைப்பிடி இரண்டு, மூன்று நிலை சுவிட்ச் ஒன்று, நூடுல்ஸ் மாதிரி ஒயர் ஒரு பிடி, பசை ஒரு டியூப், எனக்குத் தெரியாத ஒரு மொழியில் விளக்கச் சீட்டு.

மெக்கானிக்கிடம் போயிருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை உண்டு. சயன்ஸ் குரூப் பையன்கள் ப்யூஸ் போடும்போது டார்ச் பிடித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த ஒரு தடவையாவது நாமே செய்வோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இடது கைப்பிடி சுலபம். பழைய ரப்பரை பிளேடால் கீறி உரித்தால் இரும்புக் குழாய். பசை தடவிப் புதியதைத் திருகிச் செருகினேன்.

வலதுதான் விவகாரம். அது ஆக்ஸிலேட்டர். ரப்பருக்கு உள்ளே சுழலும் பிளாஸ்டிக் குழாயில் வரி வரியாக மேடுகள். அவற்றை அரம் போட்டுத் தேய்த்தால்தான் புதிய பிடி ஏறும். இரண்டு மணி நேரம் தேய்த்தேன். முன்னறையில் பாதி பிளாஸ்டிக் தூள். "வீட்டைக் கூட்டறதுக்கும் ஏதாவது ஆர்டர் போட்டிருக்கீங்களா?" என்று குரல் வந்தது. பேப்பர் படிக்கக் கை காலியாக இல்லை.

ஒயரை நேராக பேட்டரியில் மாட்டினேன். பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு. சுவிட்சைத் தட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு நிமிஷத்தில் கைப்பிடி கதகதவென்று ஆனது. மேட்டுப்பாளையத்து மத்தியானத்தில், வேர்த்து ஊற்ற, சூடான கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆனந்தப்பட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமையில் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வண்டி 'க்ளிக்' என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. உதைத்துக் கிளப்பி மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன்.

மெக்கானிக் சின்னப் பையன், இருபத்தைந்து இருக்கும். வண்டியைச் சுற்றி வந்தான். எஞ்சினை ஓடவிட்டு, ஒன்றும் பேசாமல் ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுசாக ஒடித்தான்.

வண்டி 'ஊய்ய்ங்' என்று தானாகவே உறுமியது.

"என்னங்ண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க? ஆக்ஸிலேட்டர் பக்கத்து ஒயரை இழுத்துக் கட்டியிருக்கீங்க. ஹேண்டில் திரும்பினா ஒயர் இழுக்குது, ஒயர் இழுத்தா ஆக்ஸிலேட்டர் முறுக்குது. கொண்டை ஊசி வளைவுல திரும்பறப்ப வண்டி தானா பாய்ஞ்சிருக்கும்!"

நான் பக்கத்தில் இருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அரை விநாடியை மிச்சம் பிடிக்கக் கிளம்பி, பள்ளத்தாக்கை விலைக்கு வாங்கப் பார்த்திருக்கிறேன்! பேட்டரி மட்டும் செத்திருக்காவிட்டால் அடுத்த வாரம் அந்த வண்டியில் மலை ஏறியிருப்பேன். மறதியை இனிமேல் குறை சொல்லாதீர்கள்.

அப்புறம் எனக்குக் கரண்ட் பாடம் நடந்தது. அவன் சொன்னதை நான் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். காமர்ஸ்காரர்களுக்காக இங்கே தருகிறேன்.

எஞ்சின் ஓடும்போது அதில் உள்ள காயில் கரண்ட் உற்பத்தி செய்கிறது. அது சம்பளம். பேட்டரி சேமிப்புக் கணக்கு. ஹெட்லைட் வீட்டு வாடகை. இண்டிகேட்டர், பிரேக் லைட் மளிகைச் செலவு. ஹார்ன், ஊருக்குத் தகுந்த வெட்டிச் செலவு. இதில் புதிதாக என் ஹீட்டர், 36 வாட் தவணைக் கடன்!

36 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 3 ஆம்பியர். என் பேட்டரி 5 ஆம்பியர் மணி. எஞ்சின் ஓடாமல் ஹீட்டர் மட்டும் எரிந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே சேமிப்பு காலி. நான் ராத்திரி முழுக்க எரியவிட்டிருக்கிறேன். என்னுடையது பழைய வண்டி, கிக்கர் இருக்கிறது, உதைத்தேன், கிளம்பியது. இப்போது வருகிற வண்டிகள் பலவற்றில் கிக்கரே கிடையாது. பெட்ரோலைப் பம்ப் பண்ணுவதற்கே கரண்ட் வேண்டும். பேட்டரி அடியோடு போய்விட்டால் தள்ளினாலும் கிளம்புவது சந்தேகம்.

"அதுக்குத்தாங்ண்ணா ரிலே" என்றான்.

ரிலே என்பது ஒரு கேஷியர். சாவி போட்டால்தான் கவுண்டரைத் திறப்பார். சாவியை எடுத்தால் நீங்கள் மறந்தாலும் அவர் மறக்காமல் பெட்டியைப் பூட்டிவிடுவார். பேட்டரி பக்கத்திலேயே 5 ஆம்பியர் ப்யூஸ் ஒன்று. அது ஆடிட்டர். எங்காவது ஒயர் உரசி ஷார்ட் ஆனால், வண்டி எரிவதற்கு முன்னால் தன் உயிரைக் கொடுத்துவிடும். (ஆடிட்டர்கள் மன்னிக்க.)

ஒயரைக் கழற்றி, வலது பக்கம் தாராளமாக வளையம் விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தான். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டான். 'டக்'கென்று தானாகப் பழைய இடத்துக்கு வந்தது. "இது வரலேன்னா வண்டியைத் தொடக்கூடாதுங்ண்ணா. கை சூடாகாட்டி உசிருக்கு மோசமில்லே." வாட்ஸ்அப்பில் வருகிற தத்துவங்களைவிட இது பரவாயில்லை.

மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தான். எஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடும்போது, ஹீட்டர் எரிந்தும் 13.6 வோல்ட். சேமிப்பு ஏறுகிறது. சும்மா நின்று 'டுபு டுபு' என்று ஓடும்போது 12.3. வரவைவிடச் செலவு அதிகம். "சிக்னல்ல, கேட்ல நின்னா அணைச்சுருங்க" என்று உத்தரவு.

அடுத்த புகார் என்னுடையது. வலது கைப்பிடி சுடுகிறது, இடது வெதுவெது. வலது கை வாங்குவது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதற்காக இப்படியா? காரணம் எளிது. வலது பக்கம் நடுவில் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, அது சூட்டைத் தடுக்கும். இடது பக்கம் நேராக இரும்பு. கொடுக்கிற சூட்டை எல்லாம் அது குடித்துவிடும். ஒட்டியது இன்னும் முழுசாக இறுகவில்லை என்பதால் இடது பிடியை உருவி, இரும்பின் மேல் எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒன்றை மாட்டிச் சூடு காட்டி இறுக்கி, மறுபடி ஒட்டினான். "நாளைக்கு வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. பசை காயாம கைப்பிடி சுத்துச்சுன்னா அதுவும் ஆபத்து."

கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, இது உள்ளங்கைக்குத்தான் சூடு. பிரேக் மேல நீட்டி வெக்கற விரலுக்கு?"

அதானே! நடந்ததே அந்த விரல்களால்தான்.

பழைய ஆயில் கேன் ஒன்றை வெட்டி, இரண்டு லிவருக்கும் முன்னால் காற்றுத் தடுப்பு வைத்துக் கொடுத்தான். காற்று புகாத கையுறை ஒன்று வாங்கச் சொன்னான். வண்டி இப்போது காதில் கம்மல் போட்ட எருமை மாதிரி இருக்கிறது. ஆனால் கை கையாக இருக்கிறது. கூலி 400. நான் சொந்தமாகச் செய்து மிச்சம் பிடித்த தொகை, மைனஸ் 400.

*

ஜனவரி கடைசித் திங்கட்கிழமை. அதே ரோடு, அதே குளிர். ஹீட்டர் இரண்டாவது நிலையில். விரல்கள் ஒவ்வொன்றும் டியூட்டியில் இருந்தன. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கைப் பிடித்து, மரியாதையாக நின்றேன். அதே பெண்கள். அந்த அம்மாவும் இருந்தார். அக்காவிடம் சொல்லி ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய கம்பளிக் கையுறை ஒரு ஜோடியை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இதப் போட்டுக்கிட்டு எப்பிடி சாமி கேரட் புடுங்கறது? மண்ணெல்லாம் பனித் தண்ணி. ரெண்டு நிமிசத்துல நனைஞ்சு போயிரும். பேத்திக்குக் குடுத்துடறேன்."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. விடிவதற்குள் வயலில் இறங்கி, ஈரமண்ணிலிருந்து பிடுங்கி, கழுவி, மூட்டை போட்டு அனுப்புகிற கேரட் எங்கள் ஊர் மண்டிக்குத்தான் வருகிறது. வீட்டில் பொரியல் வரும்போது உப்பு இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, கை இருக்கிறதா என்று பார்த்ததில்லை.

"அம்மா, இதைக் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க" என்றேன்.

இடது கைப்பிடியில் கை வைத்தவர் சடாரென்று எடுத்துவிட்டார். பிறகு மெதுவாக வைத்தார். இரண்டு கையையும் வைத்தார். "அடி, இங்க வாங்கடி! வண்டியில அடுப்பு வெச்சிருக்காரு!"

ஒவ்வொருவராக வந்தார்கள். வரிசையே நின்றது. ஒரு பொண்ணு ஆர்வத்தில் வலது பக்கம் பிடித்து முறுக்க, வண்டி 'ஊய்ங்' என்று கத்த, அவள் கத்த, எல்லோரும் சிரிக்க... லாரி வர இருபது நிமிஷம் ஆனது. மெக்கானிக் சொன்னது ஞாபகம் இருந்தது. நின்ற இடத்தில் எரிந்தால் சேமிப்பு கரையும். ஆனால் அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நியூட்ரலில் போட்டு, வலது பக்கம் நான் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஃபேக்டரிக்கு லேட். ஸ்கூலுக்கு லேட். பெண்ணின் டயரியில் மிஸ் எழுதியனுப்பிய குறிப்புக்குக் கையெழுத்துப் போட்டேன். மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல், பாத்திரம் தேய்த்த ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். சனிக்கிழமை ஒரு வெந்நீர் ஹீட்டர் வாங்கி வந்தேன். எலெக்ட்ரீஷியனை வைத்துத்தான் மாட்டினேன், பயப்படாதீர்கள்.

மாதக் கடைசியில் சொந்தக் கணக்கை எழுத உட்கார்ந்தேன். கைப்பிடி 1,850. மெக்கானிக் 400. கையுறைகள் தனி. எல்லாம் சரி. அந்த இருபது நிமிஷத்துப் பெட்ரோலை மட்டும் எந்தத் தலைப்பில் எழுதுவது? பயணச் செலவு என்று சொல்ல முடியாது, வண்டி நகரவே இல்லை. நன்கொடை என்று எழுதக் கூச்சமாக இருந்தது. என் கையை முதலில் தேய்த்துவிட்டது அவர்தான்.

பி.காம். முதல் வருஷத்தில் 'குட்வில்' என்று ஒரு தலைப்பு நடத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, ஆனாலும் சொத்துக் கணக்கில் வரும் என்று வாத்தியார் சொன்னபோது கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தலைப்பில் எழுதிவிட்டேன். ஒரே ஒரு திருத்தம், சார். கையால் தொட முடிகிறது.